செவ்வாய்க்கிழமை ஆணி

"செவ்வாயோ வெறுவாயோ" என்பார் எங்கள் அப்பத்தா. அன்றைக்கு ஒரு நல்ல காரியம் ஆரம்பிக்க விடமாட்டார். மைக்ரோசாஃப்ட்காரர்களோ 2003 அக்டோபரிலிருந்து மாதாமாதம் இரண்டாவது செவ்வாயாகப் பார்த்துத்தான் பேட்ச் வெளியிடுகிறார்கள். சியாட்டில் பக்கம் காலை 10 மணி. இங்கே புனேயில் ராத்திரி பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. பொட்டி தட்டப் பிழைக்க வந்த வீடுகளில் அந்த நேரத்தில் போன் சிணுங்கினால் தங்கமணிகளுக்கே காரணம் தெரியும்.

பேட்ச் என்றால் ஒட்டு. நம்ம சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டு மாதிரிதான், நிஜமாகவே. 1944-இல் ஓடிய ஹார்வர்ட் மார்க் 1 இயந்திரத்துக்கு ஆணைகள் காகித நாடாவில் ஓட்டைகளாகப் போயின. ஓட்டை தப்பாக விழுந்துவிட்டால் மேலே துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடினார்கள். காகிதம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

சரி, ஏன் செவ்வாய்? முன்பெல்லாம் பேட்ச் இஷ்டத்துக்கு வரும். எப்போது வரும் என்று தெரியாததால் பலர் போடவே மாட்டார்கள். அதற்கான கூலி 2003 ஜனவரி 25, சனிக்கிழமை கிடைத்தது. நம் நேரப்படி காலை சுமார் 11 மணிக்கு ஸ்லாமர் புழு கிளம்பியது. பத்தே நிமிடத்தில் 75,000 கணினிகளுக்கு மேல் காலி. அது புகுந்த எஸ்.க்யூ.எல். சர்வர் ஓட்டைக்கு ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில், பேட்ச் வந்துவிட்டது! ஆனால் கோப்புகளைக் கையால் எடுத்துப் போடவேண்டிய பேட்ச் அது. யார் மெனக்கெடுவார்கள்? மைக்ரோசாஃப்ட்டுக்குள்ளேயே சில சர்வர்கள் அடிவாங்கின.

ஸ்லாமர் டிஸ்க்கில் தங்காது, மெமரியில் மட்டும்தான் வாழும். ரீபூட் செய்தால் செத்துப்போகும். பேட்ச் போடாமல் ரீபூட் செய்தால், எழுந்த கொஞ்ச நேரத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

அதே ஆகஸ்ட்டில் பிளாஸ்டர். அக்டோபரில் இந்தச் செவ்வாய் ஏற்பாடு. திங்களை வார இறுதிப் பஞ்சாயத்துக்கு விட்டு, மிச்ச நாளில் சோதித்து, வார இறுதி 'விண்டோ'வில் போடலாம் என்று கணக்கு. விண்டோ அமெரிக்காவில் சனி ராத்திரி. நமக்கு? ஞாயிறு காலை. கோயிலும் இட்லியும் போச்சு.

ரீபூட் எதற்கு என்று மகள் கேட்டாள். விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற முடியாது. புதுசைப் பக்கத்தில் வைத்து, அடுத்த முறை எழும்போது மாற்று என்று குறித்துவைக்கும். லினக்ஸில் கோப்பை மாற்றலாம், ஆனால் ஓடுகிற நிரல் பழசையே பிடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் குழுவுக்கு ஒருமுறை காலை ஏழரை முதல் பதினொன்றரை வரை விண்டோ. நாற்பது சர்வர்களில் ஒன்று மட்டும் மக்கர். பிங் வருகிறது, அப்ளிகேஷன் வரவில்லை. பேட்ச்தான் காரணம் என்று கழற்றினோம், மறுபடி ரீபூட். அப்படியேதான் இருந்தது. கான்ஃபரன்ஸ் காலில் அந்தப் பக்கம் குரல் ஏறிக்கொண்டே போகிறது. விண்டோ முடிந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: அந்த சர்வர் அதற்குமுன் ரீபூட் ஆகியே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சர்வீஸைக் கையால் ஓடவிட்டுப் போயிருக்கிறார். தானாக எழும்படி அமைக்கவில்லை. பாவம், பேட்ச் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து பேட்ச் போடும்முன் ஒருதரம் வெறும் ரீபூட். எழவில்லையென்றால் நோய் பழசு என்று அர்த்தம். விண்டோவில் அரைமணி போகிறதே என்று மேனேஜர்கள் முனகுவார்கள், முனகட்டும்.

2024 ஜூலை 19 வேறு கதை. க்ரவுட்ஸ்ட்ரைக் ஒரு கோளாறான அப்டேட்டை அனுப்பியது, இங்கே காலை 9:39-க்கு. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை. எழுந்தவுடனே விழுகிற பொட்டிக்கு நெட்வொர்க் வழியே மருந்து எப்படிப் போகும்? ஏராளமான பொட்டிகளை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் எழுப்பி அந்தக் கோப்பை அழிக்கவேண்டியிருந்தது. ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம் என்று ஜாக்கிரதையாக இருந்தவர்களும் தப்பவில்லை. இந்த வகை அப்டேட் அந்த வரிசையில் நிற்காமல் எல்லோருக்கும் ஒரேயடியாகப் போனது. விண்டோவும் கிடையாது, செவ்வாயும் கிடையாது.

ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ் படத்தை தங்கமணி போனில் காட்டி, "இது உங்க ஆணியா?" என்றார்.

"இல்லம்மா, வெள்ளிக்கிழமை ஆணி."