மேனகை: ஓவியமா, அச்சா?

மாதுங்காவிலும் செம்பூரிலும் பழந்தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் கூடத்தில், இரவிவர்மாவின் கையொப்பமிட்ட தேவமங்கை ஒருத்தி இன்றும் சுவரை அணிசெய்கிறாள். பழைய கட்டடங்கள் இடிபட்டு வீடு மாறும் வேளையில், இது மூல ஓவியமா என்ற வினா எழுகின்றது. ஆக்கர் கடைக்குப் போவதும் அருங்காட்சியகத்திற்குப் போவதும் அவ்விடையைப் பொறுத்தன.

விடையின் பெரும்பகுதி இம்மாநகர வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. கிளிமானூர் இராஜா இரவிவர்மா (1848–1906) தம் ஓவியங்களை எளியோரும் வாங்க வேண்டுமென விரும்பி, 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாயிருந்த கும்பகோணத்து சர் டி. மாதவராவ் முன்னரே இவ்யோசனையை அவருக்குக் கூறியிருந்தார். முதற்கண் வெளிவந்தது 'சகுந்தலை ஜனனம்'. மகவை ஏந்தி நிற்கும் மேனகையும் முகந்திருப்பும் விசுவாமித்திரரும் அதிற் காணப்படுவர். பின்னர் அச்சகம் லோனாவளாவை அடுத்த மளவலிக்குப் பெயர்ந்து, செர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்கு மாறியது. ஓவியர் மறைந்த பின்னும் அச்சு நிற்கவில்லை. ஆகவே கையொப்பத்தை மட்டும் நம்புவது பேதைமை. அதுவும் அச்சாகவே இருக்கலாம்.

கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் உண்டு. ஈற்றில் மெருகெண்ணெய் பூசி, துணியின் இழை போன்ற பதிவையும் சிலவற்றில் அழுத்தினர். 'ஓலியோகிராப்' எனப்பட்ட இது, எண்ணெய் ஓவியமென்றே கண்ணை மயக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால் மேனகையின் கன்னம் நுண்புள்ளிகளாகச் சிதறும். மூல ஓவியத்திலோ தூரிகை ஓடிய தடம் தெரியும். விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்தால், மூலத்தில் நகையின் ஒளிப்பொட்டில் வண்ணம் திரண்டிருப்பதும் நிழலில் மெலிந்திருப்பதும் புலனாகும். அச்சின் சொரசொரப்பு எங்கும் ஒரே சீரானது. சரிகையும் சம்கியும் ஒட்டி அலங்கரித்த படங்களும் உள. அவை கைவேலை பெற்ற அச்சுகளே. ஈரத்துணியால் துடைத்துச் சோதிப்பது மட்டும் கூடாது.

மூலமெனத் தேறினால் சட்டமும் குறுக்கிடும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரவிவர்மாவின் படைப்புகள் 1979இல் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டமையால், அவற்றை விற்பனைக்கென அயல்நாட்டிற்கு அனுப்ப இயலாது.

அச்செனத் தெரிந்தால் மனமுடையத் தேவையில்லை. மளவலி அச்சகம் 1972இல் தீக்கிரையானது. பழைய பிரதிகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று பலர். படத்தின் அடிவிளிம்பில் அச்சகத்தின் பெயர் பொறித்திருக்கும். சட்டமிடுவோர் அவ்விளிம்பைத்தான் முதலில் வெட்டுவர், வெட்டவிடாதீர்கள்.