பளிங்கில் பதிந்த கைகள்



தாஜ்மஹால் என்றதும் ஷாஜஹானும் மும்தாஜும் நினைவுக்கு வருகின்றனர். கல் செதுக்கியவர்களைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் ஒரே ஒரு கதை: வேலை முடிந்ததும் மன்னர் அவர்களின் கைகளை வெட்டினார் என்பது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுமுன் சற்றுப் பொறுங்கள். இதற்கு அக்காலச் சான்று எதுவுமில்லை.

இருக்கும் சான்று வேறுவிதமானது. ஆம்பேர் அரசர் ஜெய்சிங்கின் ஆட்கள் கல்தச்சர்களைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள, அவர்களைத் தடுக்காது அனுப்புமாறு 1637இல் ஷாஜஹான் ஆணை விடுத்தார். கைத்திறனுக்காக இவ்வாறு போட்டியிட்டவர்கள் கையை வெட்டுவார்களா? 1652இல் மழைநீர் குவிமாடத்தில் கசிந்ததை இளவரசர் அவுரங்கசீப் தந்தைக்கு எழுதினார். கொத்தர்களைக் கேட்டதாகவும், பெரிய குவிமாடத்திற்கு வழி தெரியவில்லை என அவர்கள் ஒப்புக்கொண்டதாகவும் அக்கடிதம் கூறுகிறது.

கப்றின் மீது கட்டடம் எழுப்புவது குறித்து மார்க்க அறிஞர்கள் கூறுவது தனி விடயம். இங்கு நாம் பேசுவது தொழிலைப் பற்றியே.

மும்தாஜ் ஹிஜ்ரி 1040இல், அதாவது 1631இல், மரணித்தார். மறு ஆண்டு யமுனைக் கரையில் பணி தொடங்கியது. சம்பூர்க் கரையில் கிணறு தோண்டியவர்களுக்கு மணல் சரிவது புதிதன்று. ஆக்ராவின் கொத்தர்களோ ஆற்றங்கரையில் கிணறுகளை இறக்கி, கல்லும் சாந்தும் நிரப்பி, அவற்றின் மேல் அத்திவாரம் அமைத்தனர். வெண்மையாகத் தெரியும் சுவரின் உள்ளே இருப்பது செங்கல். அதைப் போர்த்தியிருக்கும் பளிங்கு, ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து மாட்டுவண்டிகளில் வந்தது.

பூ வேலைப்பாட்டைப் பாருங்கள். அது வர்ணமன்று. ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் எடுத்த நீலக்கல் போன்றவற்றை வில்லில் பூட்டிய கம்பியாலும் குருந்தப் பொடியாலும் மெல்லிய இதழ்களாக அறுத்தனர். பளிங்கில் அதே வடிவில் பள்ளம் குடைந்து, பசையிட்டுப் பொருத்தினர். பள்ளம் ஒரு மயிரளவு பெரிதானாலும் பொருத்து கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பெருவாயிலில் ஸூரா அல்பஜ்ர். கப்று மாளிகையின் வளைவுகளில் ஸூரா யாஸீன். கீழே நின்று பார்ப்பவருக்கு எழுத்துகள் ஒரே அளவாகத் தோன்றும்பொருட்டு, மேலே செல்லச் செல்லப் பெரிதாக்கி எழுதினார் அமானத் கான். அவர் தம் பெயரையும் ஹிஜ்ரி 1048 என்ற ஆண்டையும் உள்ளே பொறித்துச் சென்றார். ஏனைய கல்தச்சர்கள் தாம் செதுக்கிய கற்களில் ஒரு விண்மீனையோ ஓர் அம்பையோ கீறி வைத்தனர். அக்குறிகளை இன்றும் அங்கே காணலாம்.