கவுண்டி ஏடுகளும் வீட்டு வரியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சென்ற ரமழானில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். மறுமுனையில், கலிபோர்னியாவில் பணிபுரியும் அவருடைய மகன். அங்கே அப்போது காலை நேரம். "ஹழ்ரத், புதிதாக வாங்கிய வீட்டுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை வீட்டு வரியாகப் போகிறது. இதை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா?" என்று அவர் கேட்டார். அரசு விதிக்கும் வரி வேறு; எண்வகையினருக்கு உரிய ஜகாத் வேறு; ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்று கூறினேன். மார்க்க விளக்கம் அத்துடன் முடிந்தது. ஆனால் பேச்சு முடியவில்லை. அதே தெருவில் அதே அளவுள்ள வீட்டில் வசிக்கும் முதியவர் தம்மைவிடப் பல மடங்கு குறைவாக வரி கட்டுகிறார் என்று அவர் குறைபட்டுக்கொண்டார். "அவரே சொன்னாரா தம்பி?" என்றேன். "அவர் சொல்லத் தேவையில்லை ஹழ்ரத். கவுண்டி ஏட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்றார்.

ஒரு பட்டா நகலுக்காக நாள்கணக்கில் அலைந்து பழகிய எனக்கு அச்சொல் வியப்பளித்தது. அதைத் தொடர்ந்து படித்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகையவை சுமார் 3,100 உள்ளன. லூயிசியானாவில் இதற்குப் பாரிஷ் என்று பெயர். கனெக்டிகட்டில் கவுண்டி என்பது பெயரளவில்தான். நில ஏடுகளை அந்தந்த ஊர் அலுவலகமே வைத்திருக்கிறது. இம்முறை இங்கிலாந்திலிருந்து சென்றது. அங்கே 1086இல் மன்னர் வில்லியம் நாடெங்கும் நிலக்கணக்கு எடுக்கச் செய்தார். அதில் எழுதப்பட்டதை மறுத்துப் பேச வழியில்லை என்பதால் மக்கள் அதனைத் 'தீர்ப்பு நாள் ஏடு' என்றே அழைத்தனர். அதற்கு ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளுக்கு முன்பே கலீஃபா உமர் (ரலி) அவர்கள், இராக்கின் ஸவாத் நிலங்களை அளந்து வரி விதிக்க உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பியதும், நிலம் தாங்க முடியாத சுமையை அதன் மீது ஏற்றிவிட்டீர்களோ என்று பின்னர் கவலையுடன் விசாரித்ததும் மதரஸாவில் ஓதியவர்கள் அறிந்த செய்தியே. அளப்பது எளிது, அளந்தபின் எவ்வளவு கேட்பது என்பதே எக்காலத்திலும் கடினம்.

நில விற்பனையை ஊரறியப் பதிவு செய்ய வேண்டும் என்னும் விதி அமெரிக்கக் குடியேற்றங்களில் மிக முன்னதாகவே வேரூன்றியது. மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தில் 1640இலேயே அதற்குச் சட்டம் வந்தது. ஒரே நிலத்தை இருவருக்கு விற்கும் மோசடியைத் தடுப்பதே இதன் அடிப்படை நோக்கம். பதிவேடு எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தால்தான் வாங்குபவன் எச்சரிக்கையடைவான். அதனால் அது மூடிய பெட்டியில் வைக்கப்படவில்லை.

இன்று பெரும்பாலான கவுண்டிகளில் இப்பணி மூவரிடம் பிரிந்து கிடக்கிறது. பதிவாளர் பத்திரங்களை வைத்திருப்பார். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண் கொடுத்து அதன் மதிப்பைக் குறிப்பார். கருவூலர் வரி வாங்குவார். வீட்டு முகவரியைக் கொண்டு முதலில் மதிப்பீட்டாளரிடம் மனை எண்ணைப் பெற வேண்டும். பிறகு விற்றவர் பெயராலும் வாங்கியவர் பெயராலும் அமைந்த பதிவாளரின் அட்டவணைகளைத் தேட வேண்டும். இன்றைய உரிமையாளர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நாம் தாய்ப்பத்திரம் தேடுவதும் வில்லங்கம் பார்ப்பதும் இதே வேலைதான். இன்னொரு ஒற்றுமையும் உண்டு: நம் நாட்டைப் போலவே அங்கும் பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்கிறாரேயன்றி விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்தது என்று உறுதியளிப்பதில்லை. அந்த அச்சத்திலிருந்துதான் 1876இல் பிலடெல்பியாவில் உரிமைக் காப்புறுதி நிறுவனம் தோன்றியது.

இனி வரி. மதிப்பீட்டாளர் குறித்த மதிப்பை வரி விகிதத்தால் பெருக்கினால் வரும் தொகையே வீட்டு வரி. பல மாநிலங்களில் 'மில்' என்னும் அளவைப் பயன்படுத்துகின்றனர். ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். இத்தொகை ஒருவரிடமே போவதில்லை. பள்ளிக்கூடம், கவுண்டி, நகரம், தீயணைப்பு எனப் பலர் பங்கிட்டுக்கொள்வர். மதிப்பு தவறென்று கருதினால் குறித்த காலத்துக்குள் முறையீடு செய்யலாம். வணக்கத்தலங்களுக்கு விலக்கு உண்டு. அவ்விலக்கு அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 1970இல் வால்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அது தானாக வந்துவிடுவதில்லை. பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும் நிர்வாகத்தினர் விண்ணப்பித்தே பெற வேண்டும்.

நம் தம்பியின் மனக்குறைக்குக் காரணம் 1978 ஜூன் மாதத்தில் இருக்கிறது. அப்போது கலிபோர்னியாவில் நிலவிலை ஏறிக்கொண்டே போனது. அதனுடன் வரியும் ஏறியது. வருமானம் ஏறாத முதியோர் தம் வீட்டையே இழக்க நேருமோ என்று அஞ்சினர். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்னும் இருவர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக '13ஆம் முன்மொழிவு' மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. அடிப்படை வரி மதிப்பில் 1 விழுக்காடு மட்டுமே. 1975ஆம் ஆண்டு மதிப்பே அடித்தளம். ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பை உயர்த்தக் கூடாது. வீடு கைமாறினால் அன்றைய சந்தை விலைக்கு மதிப்பு மாறும். முதியவர்கள் காப்பாற்றப்பட்டனர். ஆனால் சுமை புதிதாக வருபவன் தோளுக்கு மாறியது. ஸ்டெபனி நார்ட்லிங்கர் என்பவர் 1988இல் லாஸ் ஏஞ்சலிஸில் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். அவருக்கு வந்த வரி 1,701 டாலர். 1975 முதல் அருகில் வசித்தவர் அதைப் போன்ற வீட்டுக்குக் கட்டியது 358 டாலர். சமத்துவம் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1992இல் உச்சநீதிமன்றம், வாங்கும்போதே வரி இன்னதென்று தெரிந்துதானே வாங்கினீர் என்னும் கருத்துப்பட, சட்டத்தை நிலைநிறுத்தியது. இது முற்றிலும் நியாயம் என்று என் மனம் ஒப்பவில்லை. முற்றிலும் அநியாயம் என்று கூறவும் நா எழவில்லை. அந்தத் தெருவின் முதியவரை எண்ணினால் ஒரு பக்கமும் நம் தம்பியை எண்ணினால் மறுபக்கமும் சாய்கிறது.

வரி கட்டத் தவறினால் என்னவாகும்? மினசோட்டா மாநிலத்தின் ஹென்னபின் கவுண்டியில் ஜெரால்டின் டைலர் என்னும் மூதாட்டி தம் சிறு குடியிருப்பை விட்டு 2010இல் முதியோர் இல்லத்துக்குச் சென்றார். வரி நின்றது. 2015க்குள் வரிப்பாக்கி சுமார் 2,300 டாலர். வட்டியும் தண்டமும் சேர்ந்து மேலும் 13,000 டாலர். கவுண்டி குடியிருப்பைக் கைப்பற்றி 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அம்மாநிலச் சட்டம் அதை அனுமதித்தது! 2023 மே 25 அன்று, அவருக்கு 94 வயதாகியிருந்தபோது, உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். கடனுக்கு உரியதை எடு, மிஞ்சியதைக் கொடு என்னும் நெறிக்கு அவர்கள் காட்டிய சான்றுகளுள் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவும் ஒன்று. அடகுப் பொருளை விற்றுக் கடனைத் தீர்த்தபின் எஞ்சியது உரியவனுக்கே என்று ஃபிக்ஹு நூல்களில் ஓதிய நமக்கு இது புதிதன்று.

இந்த ஏடுகளில் மற்றொரு வரலாறும் உறங்குகிறது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அன்னியர் விளைநிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. ஜப்பானியரைக் குறிவைத்த அச்சட்டம், 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்பானதும் நம்மவரையும் பிடித்தது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் பாலையை விளைநிலமாக்கிய பஞ்சாபியர், சீக்கியரும் முஸ்லிம்களும், பிறர் பெயரிலும் அமெரிக்காவில் பிறந்த தம் பிள்ளைகள் பெயரிலும் நிலத்தை வைத்திருக்க நேர்ந்தது. 1946இல்தான் இந்தியர் குடியுரிமை பெற வழி பிறந்தது.

நகர வீடுகளிலோ பத்திரத்திலேயே தடை எழுதினர். வெள்ளையர் அல்லாதாருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்னும் நிபந்தனை எண்ணற்ற பத்திரங்களில் இடம்பெற்றது. 1948இல் ஷெல்லி வழக்கில் உச்சநீதிமன்றம், நீதிமன்றங்கள் அதனை நிறைவேற்றித் தரலாகாது என்றது. எழுத்து மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது. அவ்வரிகளை அடித்துவிடக் கவுண்டிப் பதிவாளர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2021இல் கலிபோர்னியா சட்டம் கொண்டுவந்தது.

பெருநாள் கழித்து அந்தத் தம்பி மீண்டும் அழைத்தார். என் தூண்டுதலால் தம் வீட்டின் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்திருக்கிறார். 1940களின் பத்திரமொன்றில் அந்த நிபந்தனை இருந்ததாம்: வீட்டு வேலைக்காரராக அன்றி, வெள்ளையர் அல்லாத எவரும் அங்கே குடியிருக்கக் கூடாது. அதைப் படித்தபோது அவருடைய பிள்ளைகள் பக்கத்து அறையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்களாம். "அடித்துவிடச் சொல்லி விண்ணப்பிக்கலாமா ஹழ்ரத்?" என்று கேட்டார். "விண்ணப்பியுங்கள் தம்பி. அதற்கு முன் அந்தப் பக்கத்தின் நகலொன்றைக் கட்டணம் செலுத்தி வாங்கி, உங்கள் பத்திரத்துடன் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பெரியவர்களானதும் படிக்கட்டும்" என்றேன்.