வாட்டம் எந்தப் பக்கம்?

பனமலைக்கு வரும் வரலாற்று மாணவர்கள் குன்றின் மேலுள்ள தாளகிரீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் எடுத்த கோயில், சுவரில் கொஞ்சம் தப்பிப் பிழைத்த தேவி ஓவியம், அவ்வளவுதான். கீழே விரிந்து கிடக்கும் ஏரி யார் கண்ணிலும் படுவதில்லை. ஏரி என்றால் கரை மட்டுமா? மதகு, தூம்பு, வாய்க்கால், தண்ணீர் தானாக ஓடுவதற்கான சரிவு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. அந்தச் சரிவைத்தான் நம் கொத்தனார்கள் இன்றும் 'வாட்டம்' என்கிறார்கள். ஏரி மதகுக்கு வாட்டம், மொட்டை மாடிக்கு வாட்டம், பாத்ரூம் தரைக்கு வாட்டம். இங்கே நாம் பேச வந்தது கடைசி வாட்டத்தைப் பற்றி.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் காலனிகளில் பழைய தொகுப்பு வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை எங்காவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை என்று கட்டித் தந்த வீட்டின் பின்பக்கம் இப்போது நம் மக்களே பாத்ரூம் எழுப்புகிறார்கள். 'நீங்களே செய்து பாருங்கள்' என்று வசதியானவர்களுக்கு வீடியோ போடுகிறார்களே, அந்தப் பொழுதுபோக்கு இல்லை இது. அண்ணன் கொத்தனார், அண்ணி சித்தாள். வாரம் முழுக்க விழுப்புரத்தில் யாருடைய வீட்டுக்கோ டைல்ஸ் ஒட்டியவர்கள், ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில் குழாய் பதிக்கிறார்கள். கூலி கொடுத்து ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது.

இந்த நாட்டில் குளியலறைத் தண்ணீருக்குக் குழாய் போடத் தெரியாமல் இல்லை. நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் வெளிப்பட்டன. கீழடியில் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் கிடைத்தன. நம் பௌத்தக் காப்பியமான மணிமேகலை, வஞ்சி நகரின் அகழியைச் சொல்லும்போது, வீட்டுப் பெண்கள் கூந்தல் கழுவிய நீர் நிலத்தடித் தூம்பு வழியாக அந்த அகழியில் வந்து கலப்பதைச் சொல்கிறது. காப்பியத்துக்குள்ளேயே பாத்ரூம் குழாய் ஓடுகிறது. அந்தத் தூம்பைப் பதித்தவர் யார், அடைத்துக்கொண்டால் கையை விட்டவர் யார் என்பதற்குத்தான் காப்பியத்தில் இடமில்லை.

கட்டத் தெரிந்திருந்தால் போதாது, கட்டிக்கொள்ள உரிமையும் வேண்டும். கொங்கு நாட்டில் கோனேரின்மை கொண்டான் பெயரால் வெளியான இடைக்காலக் கல்வெட்டு ஒன்று கம்மாளர்களுக்குச் சில சலுகைகள் தருகிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், காலில் செருப்பு போடலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கவனியுங்கள் தோழர்களே, கோயிலும் மாளிகையும் எழுப்பிய கைவினைஞர்கள் தங்கள் சொந்தச் சுவரைப் பூசிக்கொள்ள ராஜாவின் ஆணை தேவைப்பட்டிருக்கிறது. கம்மாளருக்கே இது நிலைமை என்றால் அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டவர்களைப் பற்றி என்ன சொல்ல? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி விதிக்காத நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அதில் உண்டு. சேரி தனியாக இருந்தது, அது பதிவும் ஆனது. ஊரின் சாக்கடை இன்றும் பல ஊர்களில் காலனிப் பக்கமாகவே வாட்டம் பிடித்து ஓடுகிறது. நிலம் இயற்கையிலேயே அப்படிச் சரிந்திருக்கிறது என்று ஊராட்சியில் சொல்வார்கள். தாழ்ந்த நிலம் நமக்கு ஏன் வந்தது என்று கேட்டால் பதில் வராது.

நவீன பாத்ரூம் வேறொரு பொருளின் மேல் நிற்கிறது. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் வளைந்த குழாய் வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், அது உள்ளிருக்கும் நாற்றத்தை மேலே வரவிடாது. இன்று ஹார்டுவேர் கடையில் 'பி டிராப்', 'நஹானி டிராப்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தத்துவம்தான். நல்ல கண்டுபிடிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாதிச் சமூகத்தின் கையில் அது இன்னொரு வேலையும் செய்தது. நாற்றம் மறைந்ததும், அந்தக் குழாய் போய் முடியும் இடத்தில் நிற்கும் மனிதரும் மறைந்துபோனார். குழாயின் இந்த முனையில் இருப்பவர் 'பிளம்பர்'. ஒடிசாவின் பட்டாமுண்டாயில் பிளம்பிங் கற்றுத்தர ஒரு பயிற்சி நிறுவனமே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் நாடு முழுக்கப் போய் இந்தத் தொழிலில் பெயர் வாங்கியிருக்கிறார்கள். மறுமுனையில் செப்டிக் டேங்க் மூடியைத் திறப்பவருக்குப் பயிற்சியும் கிடையாது, மரியாதையும் கிடையாது. அவர் என்ன சாதி என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒரே குழாய்தான், ஒரு முனை தொழில், மறுமுனை பிறப்பு.

சட்டமும் மெதுவாகத்தான் அந்த முனைக்கு வந்தது. 1993 சட்டம் உலர் கழிப்பிடங்களோடு நின்றுவிட்டது. பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் 2013 சட்டத்தில்தான் இடம்பெற்றன. அதன் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாமல் இவற்றைச் சுத்தம் செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரும் ஆள் வைக்கக் கூடாது என்கிறது. 'யாரும்' என்றால் மாநகராட்சி மட்டும் இல்லை, வீட்டுக்காரரும்தான். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு சிறையோ 2 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. பெசவாடா வில்சனும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனும் பல ஆண்டுகள் வழக்கு நடத்தியதும், 2017-இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படம் வந்ததும் இல்லையென்றால் இந்த எண்களும் கிடைத்திருக்காது.

சரி, வீட்டைக் கட்டும்போதே இதில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தூய்மை இந்தியா திட்டத்தில் அரசு பரிந்துரைத்தது இரட்டைக் குழி. ஒன்று நிரம்பச் சில ஆண்டுகள் ஆகும். பிறகு சேம்பரில் வழியை மாற்றி அடுத்த குழிக்கு விட வேண்டும். மூடிய குழி ஓராண்டுக்கு மேல் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது காய்ந்த எருவாகிவிடும், மண்வெட்டியால் அள்ளலாம். யாரும் மூச்சடைத்துச் சாக வேண்டியதில்லை. ஆனாலும் மக்கள் பெரிய டேங்கைத்தான் விரும்புகிறார்கள். டயான் காஃபியும் டீன் ஸ்பியர்சும் 2017-இல் வெளியிட்ட நூலில் இதற்குச் சொல்லும் காரணம் சாதிதான். குழியை அள்ளுவது 'அவர்கள் வேலை', ஆகவே தலைமுறைக்கும் நிரம்பாத டேங்க் வேண்டும். அதே 2017 பிப்ரவரியில் மத்திய குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயரும் மற்ற அதிகாரிகளும் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் இரட்டைக் குழிக்குள் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார்கள். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நிரம்பிய செப்டிக் டேங்கில் எந்த அதிகாரியும் இறங்கிக் காட்டியதில்லை, இறங்கவும் கூடாது.

ஆகவே காலனியில் பாத்ரூம் போடும் தோழர்கள் குளிக்கும் தண்ணீரையும் கழிப்பறைக் குழாயையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளியல் நீர் ஜாலி, டிராப் தாண்டித் தனிக் குழாயில் உறிஞ்சு குழிக்கோ வாழைக்கோ போகட்டும். அதைக் குழியில் விட்டால் குழி காயவே காயாது. கழிப்பறைக் குழாய்க்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் போதும். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு சிமெண்ட் போடுங்கள். வளைவுகளைக் குறைத்து, திரும்பும் இடத்தில் சேம்பர் வையுங்கள். அப்போதுதான் அடைப்பை மேலே நின்றபடி கம்பி விட்டு எடுக்க முடியும். பனமலை போல ஏரியை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் மழைக்காலத்தில் ஊற்று மேலே வரும். அங்கே குழியை ஆழமாகத் தோண்டாமல் அகலமாக்கி, மேட்டை உயர்த்திக் கட்ட வேண்டும். கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் பக்கத்தில் வேண்டாம்.

மேஸ்திரி 'பெரிய டேங்காப் போட்டுடலாம், இருபது வருஷத்துக்குக் கவலையில்ல' என்பார். இருபத்தோராம் வருஷம் மூடியைத் திறக்க யாரைக் கூப்பிடுவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.