வலி சொல்லாத இருதயம்

1922ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறன்ரோ நகரத்து வைத்தியசாலையொன்றில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர், இளவயதில் நீரிழிவு பீடித்தவர்கள் அரைப்பட்டினியால் சிறிது காலம் உயிரைப் பிடித்துவைத்திருந்து, ஈற்றில் நினைவிழந்து மாண்டனர். பான்ரிங்கும் அவர்தம் தோழர்களும் அம்மரணத்தைத் தடுத்தனர். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர்.

ஆயினும், ஒரு பகைவன் பின்வாங்கியபோதுதான் அவனுக்குப் பின்னால் நின்ற மற்றொருவன் தெரியவந்தான். மயக்கத்திலிருந்து தப்பி நடுவயதையும் முதுமையையும் எட்டிய நீரிழிவாளரை மாரடைப்புக் கொண்டுபோயிற்று. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்னும் சிறுநகரில் 1948இல் 5,209 ஆண் பெண்களைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு, நீரிழிவாளருக்கு நாடி தடித்து அடைபடும் நோய் ஏனையோரைவிட இருமடங்கு முதல் மும்மடங்கு வரை அதிகம் என்பதை 1979இல் எடுத்துக்காட்டியது. 1998இல் பின்லாந்திலிருந்து வந்த செய்தி இன்னும் கடுமையானது. மாரடைப்பே கண்டிராத நீரிழிவாளர், ஏற்கெனவே மாரடைப்புக் கண்ட ஏனையோருக்கு ஒப்பான ஆபத்தில் இருக்கின்றனர் என்றது அது.

இதில் ஒரு கொடுமை உண்டு. நெடுநாள் நீரிழிவு நரம்புகளையும் கெடுத்துவிடுகின்றது. அதனால் இருதயத்துக்கு இரத்தம் குன்றும்போதும் நெஞ்சு நோவதில்லை. நோயாளியைக் கேட்டறிய முடியாதவிடத்து வைத்தியன் என்செய்வான்? உள்ளே பார்க்கத்தான் வேண்டும்.

அங்ஙனம் பார்க்கக் கற்ற சரித்திரம் சுவையானது. 1895இல் றொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் இருதயத்தை வெறும் நிழலாகவே காட்டிற்று. 1929இல் யேர்மனியின் எபெர்ஸ்வால்டே நகரில் போர்ஸ்மன் என்ற 25 வயது வைத்தியர், மேலதிகாரியின் தடையை மீறித் தம் கை நாளத்தினூடாக ஒரு மெல்லிய குழாயை இருதயம் வரை செலுத்தினார். அக்குழாயோடு தாமே நடந்துசென்று எக்ஸ் கதிர்ப் படமும் எடுப்பித்தார். கிடைத்தது கண்டனம். அவர் சிறுநீரக வைத்தியத்துக்குத் திரும்பினார். 1956இல் நோபல் பரிசு அவரைத் தேடிவந்தது. (இடையில் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. துணிவுள்ள விஞ்ஞானி தெளிவுள்ள மனிதனாகவும் இருப்பான் என்று யார் சொன்னார்?)

சுவீடனில் நிகழ்ந்தது வேறுவிதம். லுண்ட் நகரத்து வைத்தியர் எட்லரும் பௌதிகவியலாளர் ஹேர்ட்ஸும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உள்வெடிப்பைக் கண்டறியத் தொழிலாளர் பயன்படுத்திய ஒலியலைக் கருவியை நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தனர். 1953இல் துடிக்கும் இருதயத்தின் எதிரொலி பதிவாயிற்று. 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸின் குழாய் தற்செயலாக முடியுரு நாடிக்குள் நுழைந்து, சாயம் நேரே அங்கு பாய்ந்தது. நோயாளி மடிந்தார் என்றே அஞ்சினர், அவரோ பிழைத்தார். இருதயத்துக்கு இரத்தமூட்டும் நாடிகளைத் தனித்தனியே படமெடுக்கும் முறை அவ்விபத்தில் பிறந்தது.

1990இல் அகட்ஸ்ரனும் அவருடன் பணியாற்றியோரும் கணினிக் கதிர்ப்படத்தில் அந்நாடிகளின் சுவரிற் படிந்த கல்சியத்தை அளந்து எண்ணாக்கினர். சாயமில்லை, குழாயில்லை. 2004இல் வெளியான ஆய்வொன்று, 903 நீரிழிவாளர் உட்படப் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் படங்களை ஆராய்ந்தது. கல்சியம் ஏறஏற மரணம் ஏறிற்று. அவ்வேற்றம் நீரிழிவாளரிடத்துக் கூடுதலாகவே இருந்தது. எனின், கல்சியமே இல்லாத நீரிழிவாளர், நீரிழிவற்ற அத்தகையோரைப் போன்றே அடுத்த 5 ஆண்டுகளும் உயிர்வாழ்ந்தனர். நீரிழிவாளர் அனைவரையும் ஒரே தராசில் நிறுப்பது தவறென்பதைப் படம் நிறுவிவிட்டது.

ஆனால் முன்னறிவது வேறு, காப்பது வேறு. நெஞ்சுநோ எதுவுமற்ற 1,123 நீரிழிவாளரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்கு மட்டும் கதிரியக்க மருந்தேற்றி இருதயப் படம் எடுத்தனர். ஏறத்தாழ 5 ஆண்டுகளில் படமெடுத்தோருள் 15 பேருக்கும் எடுக்காதோருள் 17 பேருக்கும் மாரடைப்போ இருதய மரணமோ நேர்ந்தது. வேற்றுமை இல்லையென்றே 2009இல் அறிவித்தனர். 2014இல் வெளியான, 900 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வில் நாடிகளையே நேரடியாகப் படமெடுத்தும் விளைவு பெரிதும் மாறவில்லை. காரணம் விளங்காததன்று. இரு கூற்றாருக்கும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் இரத்த அழுத்த மருந்தும் ஒழுங்காகக் கிடைத்துவந்தன.

நெஞ்சுநோவோ மூச்சிரைப்போ கண்டவர் விஷயம் வேறு. அவருக்குப் பரிசோதனை அவசியம். எக்குறியும் இல்லாதவரை அச்சுறுத்தி இயந்திரத்தின் முன் கிடத்திப் பணம் பறிக்கும் வியாபாரத்துக்கோ இவ்வாய்வுகளில் ஆதாரம் இல்லை. இருதய நோய் முன்னர் கண்டிராத 2,838 நீரிழிவாளரிடம் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடந்த பரிசோதனையில், நாள்தோறும் 10 மில்லிகிராம் அற்றோவாஸ்ரற்றின் மாத்திரை ஒன்று, மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பேரிடர்களை 37 சதவீதத்தால் குறைத்தது. அது வெளியானது 2004இல். அம்மருந்தின் காப்புரிமை அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு நவம்பரில் முடிவுற்றது. அன்றுமுதல் பல கம்பனிகள் அதைச் செய்து மலிவாக விற்கின்றன.