நிலாவில் மொட்டை வெயில்

நிலாவுக்குப் போனதே டூப்பு என்பவர்கள் தூக்கிக் காட்டும் முதல் சாட்சி: அந்தப் படங்களில் நட்சத்திரமே இல்லையே! நல்ல கேள்விதான். பதில் கேமராவிலேயே ஒட்டியிருந்தது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நெஞ்சில் மாட்டியிருந்த ஹாசல்பிளாடில் லைட் மீட்டர் கிடையாது. ஃபிலிம் மேகசின் மேல் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்: ஷட்டர் 1/250 நொடி, வெயிலில் எஃப்/11, நிழலில் எஃப்/5.6. கோடக் டப்பாவில் அச்சடித்திருந்த அதே வெயில் கணக்குதான். சூரியன் ஒன்றுதானே! குறுக்கே மேகம் வரும் தொல்லைகூட அங்கே இல்லை. வெள்ளை விண்வெளி உடை வெளிறிப்போகாமல் இருக்க வைத்த அந்த அளவில் நட்சத்திரம் எங்கே பதியும்? நட்சத்திரத்துக்கென்றே 1972இல் அப்போலோ 16 ஒரு கேமரா கொண்டுபோனது. ஜார்ஜ் கேருதர்ஸ் வடிவமைத்த புறஊதாக் கேமரா. சில படங்களுக்கு நிமிடக்கணக்கில் ஒளி வாங்கினார்கள். நட்சத்திரங்கள் பதிந்தன. ஃபிலிமை எடுத்துக்கொண்டு கேமராவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.