மவுண்ட் ரோட்டிலிருந்து ஓசூர் வரை: ஒரு வாட்ச் பிரியனின் குறிப்புகள்

கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் முதல் வாட்ச் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எச்.எம்.டி. என்றுதான் பதில் வரும். எனக்கும் அதேதான். இப்போது பேரன் செல்போனில் ரோலக்ஸ், ஒமேகா படங்களைக் காட்டி விலையைச் சொல்லி என்னை மிரட்டுகிறான். பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் நல்ல கடிகாரம் என்றாலே சுவிட்சர்லாந்து என்று அவன் நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நம் பக்கமும் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

அது தொடங்குவது மவுண்ட் ரோட்டில். பீட்டர் ஆர் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக் கலைஞர் 1840-களில் மெட்ராஸ் வந்தார். அவர் பெயரில் வளர்ந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடைக்கு மணிக்கூண்டோடு கட்டடம் வரைந்து கொடுத்தவர் ராபர்ட் சிஸ்ஹோம். சேப்பாக்கம் செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஸ்ஹோம். கடிகாரம் மட்டுமல்ல, நகையும் வெள்ளிச் சாமானும் அங்கே பிரசித்தம். தேநீர்க் கெண்டியிலும் தட்டிலும் நம் சாமி உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கிய வெள்ளிப் பாத்திரங்களுக்கு ‘சுவாமி’ வேலைப்பாடு என்றே பெயர். வாங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள், தட்டிச் செதுக்கியது நம் ஊர்த் தட்டார்கள். இன்றைக்கு லண்டன் ஏலங்களில் அவை வரும்போது கடையின் பெயர்தான் இருக்கிறது, செதுக்கியவர் பெயர் இல்லை.

அப்போது மெட்ராஸுக்கென்று தனி நேரமே இருந்தது என்பது இளையவர்களுக்குத் தெரியாது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வுக் கூடத்தின் கணக்குப்படி அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். இந்திய ரயில்கள் பலகாலம் இந்த மெட்ராஸ் நேரப்படிதான் ஓடின. 1906-இல் இந்திய நேரம் ஐந்தரை மணி என்று ஆனபோது, கடிகாரங்களை ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் நல்ல வாட்ச் என்றால் வெளிநாட்டுச் சரக்குதான். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவைப் படித்தால் இன்றும் வியப்பாக இருக்கும். கடத்தல் சரக்கு என்று அதிகாரி நியாயமாக நம்பிப் பறிமுதல் செய்தால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர் பொறுப்பு. இந்தக் கண்டிப்பு எந்தப் பொருள்களுக்கு என்று பார்த்தால், தங்கத்தோடு சேர்ந்து கைக்கடிகாரமும் நிற்கிறது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்த பிறகு, சீகோவும் சிட்டிசனும் வாங்க அங்கே போனவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு பேரம் பேசியது சும்மா இல்லை.

இந்த நிலைமையை மாற்றியது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தார்கள். ‘ஜனதா’ என்ற பெயரே போதும், யாருக்காக என்று சொல்ல. நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் நின்றவன். கூலன்ட் தெறிக்கும், இரும்புத் தூள் பறக்கும். ஷிப்ட் தொடங்கியதும் வாட்சைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி டிபன் கேரியர் பக்கத்தில் வைத்துவிடுவோம். சாப்பாட்டு மணி அடித்ததும் முதல் வேலை, கையைக் கழுவி அதைக் கட்டிக்கொள்வது.

ஜனதாவில் பதினேழு கல். கல் என்றால் அலங்காரத்துக்கு அல்ல. சக்கரங்களின் அச்சுமுனை உலோகத்தில் உராய்ந்தால் தேய்ந்துவிடும் என்று செயற்கை மாணிக்கக் கல்லில் துளையிட்டு அதில் உட்கார வைப்பார்கள். தினம் காலையில் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் இறுகும், அது மெல்ல அவிழும், பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடி அந்த அவிழ்தலை அளந்து விடும். வினாடிக்கு ஐந்து டிக். இரவில் தலையணைக்கு அடியில் வைத்தால் கேட்கும். பத்தாயிரம் ரூபாயோ பத்து லட்சமோ, சாவி கொடுக்கும் எந்த வாட்சுக்கும் இதுதான் அடிப்படை. மிச்சமெல்லாம் மெருகும் உழைப்பும் பெயரும்.

பிறகு குவார்ட்ஸ் வந்தது. பேட்டரி மின்சாரத்தில் ஒரு சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும், நேரம் தவறாது. எச்.எம்.டி. இதில் பின்தங்கியது. முன்னால் ஓடியது டைட்டன். டாடாவும் நம் மாநில அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய கம்பெனி அது. தொழிற்சாலை ஓசூரில். சுற்றுவட்டார கிராமத்துப் பிள்ளைகளை, பள்ளி முடித்தவுடன் எடுத்துப் பழக்கினார்கள். தலைமை தாங்கிய செர்க்சிஸ் தேசாய் வாட்சை நேரம் பார்க்கும் கருவி என்பதிலிருந்து அணிகலனாக மாற்றினார். அந்த வழியில்தான் பின்னால் தனிஷ்க் நகைக்கடையும் வந்தது.

2002-இல் வெளிவந்த டைட்டன் எட்ஜ் எனக்குத் தனி மரியாதை உள்ள வாட்ச். உள்ளே இருக்கும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர், வாட்ச் முழுவதும் சேர்த்து 3.5 மில்லிமீட்டர். தண்ணீரும் புகாது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கைக்குத் தெரியும், இது எவ்வளவு கஷ்டம் என்று. விலையுயர்ந்த வாட்ச் என்று பெருமைப்பட நமக்கு இது ஒன்று போதும் என்பேன். ஆனாலும் என் மணிக்கட்டில் இருப்பது ஜனதாதான். மெல்லிசு, துல்லியம் எல்லாம் சரி, அதற்குச் சாவி கொடுக்க முடியாதே!

எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு பழைய ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் திடீர் கிராக்கி. வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஐம்பது வருட வாட்சில் டயல் மட்டும் பளபள என்று புதிதாக, நம் காலத்தில் இல்லாத ஊதாவிலும் கிளிப்பச்சையிலும் இருந்தால் அது மறுபடி பெயின்ட் அடித்தது. பூதக்கண்ணாடி வைத்து எழுத்தைப் பாருங்கள், ஓரம் கசிந்திருக்கும். டயல் லேசாகப் பழுப்பேறிய வாட்ச் கிடைத்தால் அதையே எடுங்கள். ஆயில் போட்டு சுத்தம் செய்ய, பழைய ரிப்பேர்காரர் ஒருவரை மட்டும் முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.